பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "டீச்சர், எந்த குரூப் எடுத்தா நாளைக்குக் கைகொடுக்கும்?" நான் தென்காசி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், மே மாதம் வந்தால் அட்மிஷன் மேசையிலும் உட்கார வேண்டும், அதனால் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பழைய மாணவர்களின் தங்கை தம்பிகள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. விரிவாக எழுதிவிடுகிறேன், தேவைப்படுகிறவர்கள் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஏழெட்டு வருஷம் கழித்து எந்தத் துறையில் வேலை கிடைக்கும் என்று என்னாலும் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் "இந்தப் பாடத்தை இப்போது விட்டால் பிறகு எதற்கெல்லாம் விண்ணப்பிக்கவே முடியாது" என்று கேட்டால் தெளிவான பதில் இருக்கிறது. அது ஒவ்வொரு படிப்பின் தகுதி விதியிலும் அச்சடித்தே இருக்கிறது. நம் ஆட்கள் அதைப் படிப்பது பெரும்பாலும் பன்னிரண்டு முடித்து கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போடும்போதுதான். அப்போது பார்த்து என்ன செய்ய?

அப்படிப் பார்த்தால் விட்டால் திரும்பப் பிடிக்கக் கஷ்டமான பாடம் கணக்குதான். நான் கணக்கு டீச்சர் இல்லை, அதனால் என் பாடத்துக்கு ஆள் சேர்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளிலிருந்து நம் ஊர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி வரை பி.இ. சேர, சேர்க்கைக்காகக் கணக்கிடுகிற கட்-ஆஃப் மதிப்பெண் 200 என்பதில் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கு இல்லையென்றால் அந்தப் பட்டியலிலேயே பெயர் வராது. ஆர்க்கிடெக்சர் படிக்க நேட்டா போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதோடு பன்னிரண்டில் கணக்கும் இருக்க வேண்டும். கப்பலில் போக ஆசைப்படுகிற பையன்கள் எழுதுகிற ஐ.எம்.யு. (இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம்) நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும். முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிற என்.டி.ஏ.வில் ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பும் போதும், ஆனால் கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் இல்லாமல் முடியாது (பெண் பிள்ளைகளும் இப்போது என்.டி.ஏ. எழுதலாம், இது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை). பி.எஸ்சி. இயற்பியல், பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல், பல கல்லூரிகளில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று கேட்டுக்கொண்டே போகலாம், எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும்.

அடுத்தது உயிரியல். இதை விட்டால் அடைபடுகிற வழிகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அடைபட்டால் நன்றாகவே அடைபடும். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம் எல்லாவற்றுக்கும் நீட் எழுத வேண்டும். சித்த மருத்துவத்துக்கு நீட் தேவையில்லை என்று இன்னும் நம்பிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் காலம் முடிந்து பல வருஷம் ஆகிறது. நீட்டில் மொத்தம் 720 மதிப்பெண், அதில் பாதி, அதாவது 360, உயிரியல். ஆனால் உயிரியல் என்றாலே டாக்டர் என்று மட்டும் நினைப்பதுதான் பெரிய கோளாறு. கால்நடை மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன்வள அறிவியல் எல்லாம் உயிரியல் படித்தவர்களுக்குத்தான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. பி.பார்ம். மட்டும் கணக்கு, உயிரியல் இரண்டில் எது இருந்தாலும் கிடைக்கும்.

போன அட்மிஷன் சமயத்தில் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டியை வெளியே பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார், அதனால் அவசரம். "கம்ப்யூட்டர் குரூப் போடுங்க டீச்சர், இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்றார். அந்தப் பிள்ளை படிவத்தின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டு நின்றது. நீ என்னம்மா படிக்கணும்னு நினைக்கிற என்று கேட்டேன். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாட்டாஸ்பத்திரி டாக்டர்" என்றது. வீட்டில் ஆடு வளர்க்கிறார்களாம், ஒன்று குட்டி போட முடியாமல் கிடந்தபோது கால்நடை மருத்துவர் வந்து காப்பாற்றியதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறது. கால்நடை மருத்துவத்துக்கு கட்-ஆஃப் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கம்ப்யூட்டர் குரூப்பில் உயிரியல் கிடையாது, அதை எடுத்தால் அந்த ஆசை அன்றைக்கே, அந்த மேசையிலேயே முடிந்துவிடும். இதை அவரிடம் சொன்னதும் அவர் கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியம்: "அப்ப கம்ப்யூட்டரு போச்சா டீச்சர்?"

போகாது. இதுதான் நம் பெற்றோர்களுக்கு இருக்கிற மிகப் பெரிய குழப்பம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கட்-ஆஃபில் அந்தப் பாடத்தின் மதிப்பெண் சேருவதே இல்லை. பயோ மேத்ஸ், அதாவது கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப், எடுத்த பிள்ளை பி.இ. கம்ப்யூட்டருக்கும் போகலாம், கால்நடை மருத்துவத்துக்கும் போகலாம். கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிள்ளைக்கு உயிரியல் பக்கம் வழி இல்லை. வெறுமனே எத்தனை வழி திறந்திருக்கிறது என்று மட்டும் கணக்குப் போட்டால் பயோ மேத்ஸ்தான் முதலிடம். "அப்ப ரெண்டும் இருக்குல்லா" என்று அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைக்குக் கணக்கும் நன்றாக வரும் என்பதால்தான் நானும் அதைத் தயங்காமல் சொன்னேன்.

ஏனென்றால் எல்லோருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். வழி எல்லாம் திறந்திருக்கட்டும் என்று பயந்து பயோ மேத்ஸில் சேர்த்துவிடப்படுகிற பிள்ளைகளை வருஷா வருஷம் வகுப்பில் பார்க்கிறேன். நான்கு கனமான பாடம், அதோடு தமிழ், ஆங்கிலம். காலாண்டுத் தேர்வுக்குள் ஏதாவது ஒன்றில் தடுமாற ஆரம்பிக்கும், அதைச் சரிக்கட்ட டியூஷன், டியூஷனுக்குப் போனதால் மற்ற பாடத்துக்கு நேரமில்லை, கடைசியில் நான்கிலும் அறுபதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விதிப்படி அந்தப் பிள்ளை பத்துப் படிப்புகளுக்குத் தகுதியுள்ள பிள்ளைதான், ஆனால் இடம் கிடைப்பது மதிப்பெண்ணை வைத்துத்தானே? கம்ப்யூட்டர் குரூப்பில் கணக்கில் தொண்ணூறு எடுத்திருக்கக்கூடிய பிள்ளை இரண்டு பக்கமும் இல்லாமல் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. உயிரியல் தொடர்பாக ஏதாவது ஒன்றைப் பிள்ளை தன் வாயால் சொன்னால் அதை எடுக்கட்டும். பிள்ளை சொல்லாமல் நீங்களாக "எதுக்கும் இருக்கட்டும்" என்று சேர்க்காதீர்கள்.

இன்னொரு பக்கம் ப்யூர் சயின்ஸ். தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல். கணக்குக்குப் பயந்து இங்கே வருகிறவர்கள்தான் அதிகம், கணக்கிலிருந்து தப்பித்துவிட்டோம் என்றும் நினைக்கிறார்கள். உள்ளே வந்த பிறகு தெரியும், தப்பிக்கவே இல்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது பாடம் இயக்கவியல், அதிலேயே வகையீடும் தொகையீடும் வந்துவிடும். என் பாடத்தில் இரண்டாவது அலகு அணுவின் குவாண்டம் மாதிரி, ஷ்ரோடிங்கர் சமன்பாடு வரை போகும். கணக்கு குரூப் பிள்ளைகளுக்கு வகையீடு என்றால் என்ன என்று அவர்கள் கணக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள், ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு அதை இயற்பியல் சார் இரண்டு பீரியடில் சொல்லி நகர வேண்டியதுதான். நீட்டில் பலருக்கு மதிப்பெண் போவதும் இயற்பியலில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் நன்றாகப் படிக்கிறவன், ப்யூர் சயின்ஸ் எடுத்தான், நீட் இரண்டு தடவை எழுதியும் சீட் வரவில்லை. அதற்குள் அவனுக்கே ஆர்வம் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டது. பி.இ. முடியாது, அவன் விசாரித்த கல்லூரிகளில் பி.எஸ்சி. கம்ப்யூட்டருக்கும் கணக்கு கேட்டார்கள். கடைசியில் சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைனில் நடத்துகிற டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு பற்றித் தெரிந்து அதில் சேர்ந்தான். அதற்குப் பன்னிரண்டு எந்த குரூப்பில் முடித்திருந்தாலும் போதும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் இருந்தால் சரி, நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். ஆனால் உள்ளே போனதும் முதலில் படிக்க வேண்டியதே கணக்கும் புள்ளியியலும்தான், பதினாறு வயதில் விட்டதை இருபதில் உட்கார்ந்து படித்தான். நன்றாகவே படிக்கிறான், எனக்கு அவனைப் பற்றி பெருமைதான். அப்படியே, வர்த்தக விமானி ஆக வேண்டும் என்று பின்னால் ஆசை வந்தவர்கள் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் இயற்பியலும் கணக்கும் தனியாக எழுதித் தகுதி பெறுவதும் நடக்கிறது. ஆக விட்டதைப் பிடிக்க வழி இருக்கிறது, ஆனால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கூடுதலாகப் போகும், அந்த நேரத்தில் வீட்டுச் செலவைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். அது எல்லா வீட்டிலும் முடிகிற காரியமா?

காமர்ஸ் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிடும். மார்க் குறைந்தால் தேர்ட் குரூப் என்று பள்ளிகளே பழக்கிவைத்துவிட்டன. பற்று வரவு, பேரேடு, இருப்பாய்வு என்று கணக்குப்பதிவியல் அதன் போக்கில் ஒரு ஒழுங்கான பாடம், பிடித்துப் படிக்கிற பிள்ளைக்கு அதைவிட உறுதியான படிப்பு வேறு இல்லை. சி.ஏ. படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனை எந்த குரூப் பிள்ளையும் எழுதலாம், நான்கு தாள்: கணக்கியல், வணிகச் சட்டம், குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், பிறகு பொருளியல். அந்த மூன்றாவது தாள்தான் காமர்ஸ் பிள்ளைகளைக் கீழே தள்ளுவது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி வணிகக் கணிதமும் புள்ளியியலும். நம் பாடத்திட்டத்தில் காமர்ஸோடு வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த குரூப் இருக்கிறது, கணினிப் பயன்பாடுகள் சேர்ந்த குரூப்பும் இருக்கிறது. உங்கள் பள்ளியில் வணிகக் கணிதம் இருந்தால் அதையே எடுங்கள். பொருளாதாரம் மேலே படிக்க நினைத்தாலும் கணக்கு வேண்டும், டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. எகனாமிக்ஸ் ஹானர்ஸ் சேரவே க்யூட் என்ற நுழைவுத் தேர்வில் கணக்கு எழுதியாக வேண்டும்.

வக்கீல், கலெக்டர், வி.ஏ.ஓ., டிசைன், ஹோட்டல் மேனேஜ்மென்ட், பத்திரிகை, மொழிப் படிப்பு எதற்கும் குரூப் தடையில்லை. யு.பி.எஸ்.சி.க்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2க்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும். வரலாறும் அரசியல் அறிவியலும் பிடித்த பிள்ளையை ஆர்ட்ஸ் குரூப்பில் விடுங்கள், அந்தப் பாடங்கள் அந்தத் தேர்வுகளுக்கே நேராக உதவும்.

இனி சொல்லப்போவதை அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் குரூப்பைவிட இதில்தான் அதிகம் இழக்கிறார்கள். பத்தில் நல்ல மார்க் வந்ததும், "எங்க ஸ்கூல்ல அந்த குரூப் இல்ல", "அங்க கோச்சிங் நல்லா இருக்கு" என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பதினொன்று சேர்க்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலிருந்தும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021இலிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பள்ளி மாறிய அன்றே இது போய்விடும், பத்து வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் கணக்கில் வராது. கல்லூரி போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற நிபந்தனை இருக்கிறது. குரூப் இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் இருக்கிறதா என்று பாருங்கள், பஸ் பாஸ் இலவசம்தான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்று. டி.என்.பி.எஸ்.சி. வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்த வேலைக்குக் கேட்கிற தகுதி வரை எல்லாப் படிப்பையும் தமிழ் வழியிலேயே முடித்திருக்க வேண்டும். டிகிரி கேட்கிற வேலை என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை. இடையில் பதினொன்றில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினால் அந்த வேலைகளுக்கு முன்னுரிமை கேட்க முடியாது. பி.இ., நர்சிங் என்றுதான் பிள்ளை போகப்போகிறது என்றால் மீடியம் மாறுவதில் நியாயம் இருக்கலாம், அரசு வேலைதான் குறி என்றால் மாறாதீர்கள்.

பாலிடெக்னிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து முடித்து நேராக மூன்று வருஷ டிப்ளமோ படித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். வீட்டில் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய நிலை, பிள்ளைக்குக் கையால் செய்யும் வேலையில் ஆர்வம் என்றால் இது நல்ல வழி.

சரி, பிள்ளைக்கு எது வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கை மட்டும் நம்பாதீர்கள். புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டே பத்தில் தொண்ணூறு வாங்கிவிடலாம், பதினொன்றில் அது நடக்காது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கில் முதல் பாடம் கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள். அதையும் கணக்குப்பதிவியல் முதல் இரண்டு பாடங்களையும் உயிரியலில் ஒரு பாடத்தையும் லீவில் பிள்ளை கையில் கொடுங்கள். எதைப் படிக்கும்போது போனை எடுக்கவில்லை, எதைப் பற்றி உங்களிடம் வந்து தானாகப் பேசியது என்று பாருங்கள். முதல் பாடம் முழுக்கப் புரிய வேண்டிய அவசியம் இல்லை, புரியாத இடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. திரும்பப் படித்துப் பார்க்கிறதா, யாரிடமாவது கேட்கிறதா, மூடி வைத்துவிடுகிறதா?

எந்த குரூப் எடுத்தாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறையும், நல்லதுதான். ஆனால் பதினொன்றை ஒப்புக்கு நடத்திவிட்டு ஜனவரியிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குப் போகிற பழக்கம் பொதுத்தேர்வு வருவதற்கு முன்னால் பல பள்ளிகளில் இருந்தது, அது திரும்பி வரும் என்று எனக்கு நிஜமாகவே பயம் இருக்கிறது. நீட், ஐ.ஐ.டி. போன்றவற்றுக்கான ஜே.இ.இ. இரண்டிலும் ஏறத்தாழ பாதிக் கேள்வி பதினொன்றிலிருந்துதான் வரும். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பதினொன்றாம் வகுப்புப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சேர்ந்த பிறகு சரிப்படவில்லை என்றால் முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தால் இடம் இருக்கிற குரூப்புக்கு மாற்றித் தருவார்கள். பிள்ளை ஜூன் மாதமே "எனக்கு இது முடியலம்மா" என்று சொன்னால் காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே பள்ளிக்கு வாருங்கள், அதன் பிறகு மாற்றினால் விட்ட பாடத்தைப் பிடிப்பது கஷ்டம்.